கேம்ப்பெல் பே போக ரெண்டு கப்பல், நடுவுல காத்திருப்பு

போன வாரம் காலேஜ்ல கூட படிச்ச ஃப்ரெண்ட் ஒருத்தன் போன் பண்ணான், நிகோபார்ல இருக்குற கமோர்ட்டா தீவுக்கு போஸ்டிங் ஆர்டர் வந்துருக்கு, ஜாயின் பண்ண 20 நாள் டைம், எந்த கப்பலை எப்போ புக் பண்ணணும்னு கேட்டான். ஒரு மணி நேரம் பேசியும் பாதி கூட சொல்லி முடிக்கல. அவன் போட்டு வச்சிருந்த கணக்கு என்னன்னா, 18-வது நாள் சென்னையில ஃப்ளைட், அன்னிக்கு சாயங்காலமே போர்ட் பிளேர்ல கப்பல், 20-வது நாள் காலைல ஆபீஸ். கேட்ட உடனே எனக்கு வயித்த கலக்கிடுச்சு, ஏன்னா 2023-ல நான் நிகோபார்லயே இருக்குற கேம்ப்பெல் பேக்கு வேலைக்கு வந்தப்போ நானும் கிட்டத்தட்ட இதே மாதிரி தான் கணக்கு போட்டேன். அதனால அவனுக்கு சொன்னது, சொல்ல விட்டது எல்லாத்தையும் இங்க எழுதி வைக்கிறேன், நிகோபார் பக்கம் வேலைக்கு வர்ற வேற யாருக்காவது உதவும்.

மொதல்ல ஒரு விஷயம் மனசுல வாங்கிக்கோங்க. நம்ம ஊர்ல வேலை மாத்தல் வந்தா ஜாயினிங் தேதியில இருந்து பின்னாடி எண்ணுவோம், 20-ம் தேதி ஜாயினிங்னா 19 ராத்திரி பஸ். நிகோபாருக்கு அப்படி எண்ண முடியாது. கப்பல் எப்போன்னு மொதல்ல கேளுங்க, அதுக்கு முந்தின கப்பல் எதுன்னும் கேளுங்க, அந்த முந்தின கப்பல்ல ஏறுற மாதிரி ஊர்ல இருந்து கிளம்புங்க. உங்களுக்கு தோதா இருக்குற கப்பலை நம்பாதீங்க, அதுக்கு முன்னாடி போற கப்பலை பிடிங்க. என் ரெண்டு வருஷ அனுபவத்துல நான் கத்துக்கிட்டது சுருக்கமா சொன்னா இது தான்.

தூரம் எவ்வளவுன்னு ஊர்ல பல பேருக்கு தெரியல, எனக்கும் தெரியாது. அந்தமான்னு சொன்னா எல்லாம் ஒரே இடம்னு நெனச்சிருந்தேன். சென்னையில இருந்து போர்ட் பிளேருக்கே கடல்ல சுமார் 1,200 கிலோமீட்டர். அங்கருந்து தெக்க கேம்ப்பெல் பே வர இன்னொரு 540 கிலோமீட்டர் மாதிரி, கிட்டத்தட்ட சென்னையில இருந்து எங்க திருநெல்வேலி பக்கம் வர்ற தூரம், ஆனா அம்புட்டும் தண்ணி. கேம்ப்பெல் பே இருக்குறது கிரேட் நிகோபார் தீவுல, இந்தியாவோட தெக்கு கோடி இந்திரா பாயிண்ட் இந்த தீவோட நுனியில தான் இருக்கு, அங்கருந்து சுமத்ரா பக்கம் 150 கிலோமீட்டர் அளவு தான். அதாவது இந்தோனேசியா நமக்கு பக்கம், போர்ட் பிளேர் தூரம். 2024 செப்டம்பர்ல போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம்னு பேரு மாத்திட்டாங்க, ஆனா கப்பல் கட்டுற ஜெட்டியில, கடையில, வீட்டுல எல்லாரும் இன்னும் போர்ட் பிளேர்னே சொல்றோம், நானும் அப்படியே எழுதுறேன்.

சரி, மொத கப்பல். சென்னையில இருந்து போர்ட் பிளேருக்கு பயணிகள் கப்பல் இருக்கு, கல்கத்தாவுல இருந்தும் இருக்கு, விசாகப்பட்டினத்துல இருந்தும் உண்டு. எம்.வி. நன்கோவ்ரி, எம்.வி. ஸ்வராஜ் த்வீப், எம்.வி. நிகோபார்னு இந்த கப்பல் பேருங்க அந்தமான் தமிழங்க வாயில சொந்தக்காரங்க பேரு மாதிரி வரும். மாசத்துக்கு சில தடவை தான் கிளம்பும், போய் சேர மூணு நாள் ஆகும். ஃப்ளைட்ல போனா ரெண்டு மணி நேரம் சொச்சம். அப்புறம் எதுக்கு கப்பல்னு கேக்கலாம், நான் 2023 ஜனவரில வந்தப்போ கப்பல்ல தான் வந்தேன், காரணம் சாமான். ஃப்ளைட்ல 15 கிலோவுக்கு மேல போச்சுன்னா கிலோவுக்கு காசு, குடும்பத்தோட குடி போறவங்களுக்கு அது கட்டுப்படியே ஆகாது. தனியா ஒரு பெட்டியோட வர்ற ஆளா இருந்தா ஃப்ளைட்ல வாங்க, அதுல யோசிக்க ஒண்ணும் இல்ல.

கப்பல்ல பங்க் கிளாஸ், கேபின் கிளாஸ்னு இருக்கு. பங்க்னா ஒரு பெரிய ஹால்ல ரயில் பெர்த் மாதிரி வரிசையா படுக்கை. நான் பங்க்ல தான் வந்தேன், தனியா ஒரு பொண்ணு எப்படி போவன்னு அம்மா அழுதுச்சு, ஆனா பக்கத்து பெர்த் எல்லாம் குடும்பம் குடும்பமா இருந்தாங்க, லீவுக்கு ஊருக்கு வந்துட்டு திரும்புற தீவு தமிழங்க, மொத நாள் ராத்திரியே எனக்கு புளியோதரை பொட்டலம் குடுத்துட்டாங்க. போர்வை, ஸ்வெட்டர், பெட்டிக்கு சங்கிலி பூட்டு, தட்டு டம்ளர், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இதெல்லாம் கையில இருக்கட்டும். ஏசி போட்டா எலும்பு வரைக்கும் குளுரும். துறைமுக கேட்டுக்குள்ள சாமானை தூக்கிட்டு நடக்குற தூரம் ஜாஸ்தி, போர்ட்டர் கிட்ட ரேட்டை ஏத்துறதுக்கு முன்னாடியே பேசிடுங்க.

வாந்தி விஷயம் எல்லாரும் கேப்பாங்க. கப்பலோட நடுப்பகுதி, கீழ் தளம், அங்க ஆட்டம் கம்மி, அதனால பங்க் கிளாஸ் மட்டம்னு நெனைக்க வேணாம், காத்து அடிக்கிற நாள்ல மேல கேபின்ல இருக்குறவங்க தான் ரொம்ப கஷ்டப்படுவாங்க. அவோமின் மாத்திரையை ஆட்டம் ஆரம்பிச்ச பெறகு போட்டு பிரயோஜனம் இல்ல, கப்பல் கிளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போடணும், தூக்கமா வரும், பிள்ளைங்களுக்கு டாக்டரை கேக்காம குடுக்காதீங்க. வெறும் வயித்தோட இருக்கவே கூடாது, பிஸ்கட், பொரி, ஊறுகா வச்சு தயிர் சாதம் மாதிரி லேசா ஏதாவது போயிட்டே இருக்கணும். குனிஞ்சு போன் பாத்தீங்கன்னா போச்சு. டெக்குக்கு வந்து தொடுவானத்தை பாத்துக்கிட்டு நின்னா பாதி சரியாயிடும். ரெண்டாவது நாள் காலைல நான் அப்படி தான் நின்னேன், பறவை மீன் கூட்டமா தண்ணிக்கு மேல வெள்ளியை விசிறுன மாதிரி பறந்துச்சு, அதுக்கு பெறகு எனக்கு வாந்தியே வரல. மூணு நாள்ல கடல் ஒரே நெறம் இல்ல, சென்னை பக்கம் ஒரு மாதிரி, நடுக்கடல்ல மையை கொட்டுன மாதிரி கரு நீலம்.

கப்பல் போர்ட் பிளேர்ல ஹாடோ வார்ஃப்ல கட்டும். இறங்குன உடனே அடுத்த கப்பல் ஏறிடலாம்னு யாரும் நெனைக்காதீங்க, என் ஃப்ரெண்ட் சறுக்குனது இங்க தான். தீவுக்கு தீவு போற கப்பலுக்கு நிகோபார் செக்டார்னு தனி ப்ரோக்ராம். அது மாசம் முழுக்க அச்சடிச்சு வச்ச ரயில்வே டைம் டேபிள் மாதிரி கிடையாது. வானிலை, எந்த கப்பல் ரிப்பேர்ல இருக்கு, எங்க ஆள் சேந்திருக்கு, இதெல்லாம் பாத்து தான் போடுவாங்க. தி டெய்லி டெலிகிராம்ஸ்னு அரசாங்க பேப்பர் ஒண்ணு வரும், தீவுக்காரங்க காலைல அதுல மொதல்ல பாக்குறது கப்பல் செய்தியை தான். ரேடியோவுலயும் சொல்லுவாங்க. டிக்கெட் ஆன்லைன்லயும் வந்துடுச்சு, போர்ட் பிளேர்ல பீனிக்ஸ் பே கவுண்டர்லயும் குடுப்பாங்க. தீவுவாசிங்களுக்கு குடுக்குற ஐலேண்டர் கார்டு இருக்குறவங்களுக்கு ஒரு ரேட்டு, இல்லாதவங்களுக்கு ஒரு ரேட்டு. புதுசா வர்ற நமக்கு கார்டு இருக்காது, அதனால ஆர்டர் காப்பி, ஆபீஸ் ஐடி, ஆதார், ஃபோட்டோ எல்லாத்துலயும் அஞ்சாறு ஜெராக்ஸ் வச்சுக்கோங்க. நிகோபார் பழங்குடியினர் பாதுகாக்கப்பட்ட பகுதி, 1956-ல போட்ட சட்டம், அதனால உள்ள போற பாஸ் விஷயத்தை உங்க ஆபீஸ்ல கிளம்புறதுக்கு முன்னாடியே கேட்டு முடிச்சுடுங்க. குடும்பத்தை பின்னாடி கூட்டிட்டு வர்றதா இருந்தா அவங்களுக்கும் சேத்து இப்பவே கேளுங்க.

எனக்கு போர்ட் பிளேர்ல 6 நாள் காத்திருக்க வேண்டி வந்துச்சு. லாட்ஜுக்கு ரெண்டு நாள் காசு தான் தனியா வச்சிருந்தேன். மூணாவது நாள் அபர்தீன் பஜார்ல ஒரு மளிகை கடையில பாய் கிட்ட சும்மா விசாரிச்சேன், ராமநாதபுரத்துக்காரர், அவர் தான் சொன்னார், எம்மா, இங்க எவனும் லாட்ஜ்ல காத்திருக்க மாட்டான், மாச வாடகைக்கு ரூம் விடுறவங்க கிட்ட நாள் கணக்குல கேளு, இல்ல உங்க டிபார்ட்மெண்ட் கெஸ்ட் ஹவுஸ் கேளுன்னு. கெஸ்ட் ஹவுஸ் இருக்குன்னே எனக்கு யாரும் சொல்லல. கேட்டா குடுத்துட்டாங்க. தினமும் காலைல கவுண்டர், சாயங்காலம் வெற்றிமலை முருகன் கோயில், இப்படியே போச்சு அந்த 6 நாளும். இப்போ யோசிச்சா அந்த நாளுங்க வீண் இல்ல, கேம்ப்பெல் பேயில என்ன கிடைக்கும் என்ன கிடைக்காதுன்னு வரிசையில நின்னவங்க கிட்ட கேட்டு கேட்டு தான் கடைசி நேரத்துல பாதி சாமான் வாங்குனேன். கொசு வலை, டார்ச், நல்ல மழை கோட்டு, பிரஷர் குக்கர் கேஸ்கட் ரெண்டு.

ஆனா குக்கர் தான் என் கூட வரல. அதை சொல்லணும். ஊர்ல இருந்து சாமான் அனுப்புறப்போ ஒரு ஏஜெண்ட் மொத்தத்தையும் வாசல்ல இருந்து வாசலுக்கு கொண்டு வந்து தர்றேன்னு சொன்னார், நானும் நம்பி பாத்திரம், மிக்ஸி, அரிசி, மெத்தை, குளிருக்கும் மழைக்கும் வச்ச துணி எல்லாத்தையும் ஏத்திட்டேன். சாமான் போர்ட் பிளேர் வரைக்கும் வந்து அங்க குடோன்லயே கிடந்துருக்கு, அங்கருந்து கேம்ப்பெல் பேக்கு மறுபடியும் தனியா புக் பண்ணி ஏத்தணும்ங்கிறதை அவர் என் கிட்ட சொல்லவே இல்ல. நான் வந்து 43 நாள் கழிச்சு தான் கைக்கு வந்துச்சு, அட்டை பெட்டி எல்லாம் ஊறி, அரிசியில புழு வச்சு. அம்மா கட்டி குடுத்த மல்லித்தூள் டப்பாவை திறந்து பாத்தப்போ பூஞ்சை, அன்னிக்கு நான் அழுதேன். அதனால சொல்றேன், அட்டை பெட்டி வேணவே வேணாம். மூடி போட்ட நீல பிளாஸ்டிக் டிரம் வாங்குங்க, அதுல போட்டு மூடி டேப் சுத்தி, பெயிண்ட்ல பேரும் போற தீவு பேரும் இங்கிலீஷ்லயும் ஹிந்தியிலயும் பெருசா எழுதுங்க. வந்த பெறகு அதே டிரம் மழை தண்ணி பிடிக்க ஆகும், எங்க வீட்டுல இப்பவும் மூணு டிரம் நிக்குது. மொத மாசம் வாழ தேவையானது எதுவோ அது உங்க கையோட வரணும், ஒரு குக்கர், ஒரு சட்டி, கரண்டி, ஒரு மாச மாத்திரை, ரெண்டு செட் ஆபீஸ் துணி, புளி, மிளகாத்தூள், ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாம். கார்கோவுல போறது வராமலே போனாலும் ரெண்டு மாசம் சமாளிக்க முடியணும், அப்படி பிரிச்சு கட்டுங்க.

ரெண்டாவது கப்பல் மொத கப்பல் மாதிரி இல்ல, சின்னது, ஆட்டம் ஜாஸ்தி. போர்ட் பிளேர்ல சாயங்காலம் ஏறுனோம், ராத்திரி லிட்டில் அந்தமானை தாண்டுனதும் டென் டிகிரி சேனல் ஆரம்பிக்கும், அந்தமானையும் நிகோபாரையும் பிரிக்கிற கடல், சுமார் 150 கிலோமீட்டர் அகலம், பத்தாவது அட்சரேகை ஓடுறதால அந்த பேரு. ஜனவரி மாசமே பாத்திரம் எல்லாம் உருண்டுச்சு. காலைல கார் நிகோபார் தீவு வந்தோம், அங்க கொஞ்ச பேரு இறங்குனாங்க, தேங்காய், பன்னி, சைக்கிள், ஸ்கூல் பிள்ளைங்க, எல்லாம் ஏறுறதும் இறங்குறதுமா இருந்துச்சு. எல்லா செயிலிங்கும் ஒரே வழியில போகாது, சிலது நேரா கேம்ப்பெல் பே, சிலது தெரசா, கட்சால், கமோர்ட்டான்னு தீவு தீவா நின்னு போகும். டிக்கெட் எடுக்குறப்போ எங்கெங்க நிக்கும்னு கேட்டுக்கோங்க, ஒரு நாள் வித்தியாசம் வரும்.

நான் வந்தது நின்னு நின்னு வந்த கப்பல். என் எதிர் பெர்த்ல ஒரு பாட்டி, 70 வயசுக்கு மேல இருக்கும், கட்சால் போறவங்க. பேச்சுல நம்ம ஊர் தமிழும் இல்ல, யாழ்ப்பாணமும் இல்ல, கேட்டா இலங்கை மலையகத்துல தேயிலை தோட்டத்துல பொறந்தவங்களாம். 1964-ல சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் போட்டாங்கல்ல, அதுல இந்தியாவுக்கு அனுப்புன குடும்பங்கள்ல சிலரை கட்சால் ரப்பர் தோட்டத்துல கொண்டு வந்து வச்சாங்க, எழுபதுகள்ல. ரெண்டு கப்பல் மாறி, எங்க போறோம்னே தெரியாம கைக்குழந்தையோட வந்தேன்னு சொன்னாங்க. அவங்களுக்கு ப்ளான் பண்ண யாரும் இல்ல, ஆர்டர் காப்பி இல்ல, லீவு இல்ல, திரும்ப டிக்கெட்டும் இல்ல. 2004 சுனாமியில கட்சால் ரொம்ப அடி வாங்குன தீவு, அதை பத்தி நான் கேக்கல, அவங்களும் சொல்லல. என் கைய புடிச்சு, கடல் சும்மா இருக்கும் போதே சாப்பிட்டுரு புள்ள, ஆட ஆரம்பிச்சா சோறு இறங்காதுன்னு மட்டும் சொன்னாங்க. அவங்க இறங்குற வரைக்கும் நான் அவங்க பை பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ராஜேந்திர சோழன் மெய்க்கீர்த்தியில மாநக்கவாரம்னு வர்றது இந்த நிகோபார் தான்னு ஸ்கூல்ல படிச்சது, அதை படிச்சப்போ வராத ஒரு உணர்வு அந்த பாட்டி பேசுன தமிழை நடுக்கடல்ல கேட்டப்போ வந்துச்சு.

மூணாவது நாள் காலைல கேம்ப்பெல் பே. மலை முழுக்க காடு, மேல மேகம், கீழ ஜெட்டி. சின்ன ஊரு. முன்னாள் ராணுவத்தினரை 1969-ல இருந்து கொண்டு வந்து நிலம் குடுத்து குடியமர்த்துன ஊருங்க இங்க வரிசையா இருக்கு, ஜோகிந்தர் நகர், விஜய் நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர்னு. பஞ்சாபி, மராட்டி, மலையாளி, தமிழ் எல்லாரும் இருக்காங்க, என் சாமான் வராத அந்த 43 நாளும் பக்கத்து வீட்டு தமிழ் குடும்பம் தான் குக்கர் குடுத்துச்சு. சூரியன் சீக்கிரம் உதிக்கும், டிசம்பர்ல சாயங்காலம் அஞ்சு மணி தாண்டுனா இருட்டு. 2020-ல சென்னையில இருந்து கடலடி கேபிள் வந்த பெறகு நெட் பரவாயில்லன்னு இங்க பழைய ஆளுங்க சொல்றாங்க, ஆனா அதை நம்பி வங்கி வேலை, டிக்கெட் வேலை எதையும் கடைசி நாளுக்கு வைக்காதீங்க, கையில கொஞ்சம் பணமாவே இருக்கட்டும்.

இப்போ நான் பண்ண பெரிய தப்பு. 2023 ஜூன்ல வீட்டுக்காரரும் என் பொண்ணும் வந்தாங்க, அவளுக்கு அப்போ நாலு வயசு. ஸ்கூல் திறக்குற நேரம்னு ஜூன் மாசத்தை நான் தான் சொன்னேன். தென்மேற்கு பருவக்காத்து மே கடைசியில ஆரம்பிச்சா செப்டம்பர் வரைக்கும் இந்த கடல் அடங்காது, அது எனக்கு தெரியும், தெரிஞ்சும் பிள்ளையை பாக்கணும்ங்கிற ஆசையில அஞ்சு மாசம் இருந்ததே போதும்னு தோணிடுச்சு. ஃப்ளைட்ல போர்ட் பிளேர் வந்துட்டாங்க, மறுநாள் கப்பல். கப்பல் வானிலையால தள்ளி போச்சு. அடுத்த நாளும் தள்ளி போச்சு. மொத்தம் அஞ்சு நாள். மூணாவது நாள் பொண்ணுக்கு காய்ச்சல், அவர் புது ஊர்ல மழையில பிள்ளையை தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சுட்டு இருக்கார், நான் இங்க கேம்ப்பெல் பேயில போனை கையில வச்சிட்டு உக்காந்திருக்கேன், நடுவுல 540 கிலோமீட்டர் கடல். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டல. அம்மா கிட்ட எப்போ போவோம்னு அவ கேக்குறது மட்டும் போன்ல கேக்கும். கடைசியில காய்ச்சல் விட்ட பெறகு கப்பல் ஏறுனாங்க, நேரா வர்ற செயிலிங், நான் ஜெட்டியில விடியக்காலையில இருந்தே நின்னேன், மழைக்குள்ள கப்பலோட விளக்கு மொதல்ல தெரிஞ்சது இன்னும் கண்ணுல இருக்கு. இறங்குன உடனே அவ சொன்னது, அம்மா கடல் ரொம்ப குதிச்சுச்சுன்னு.

குடும்பத்தை கூட்டிட்டு வர்றவங்க ஜனவரியில இருந்து ஏப்ரலுக்குள்ள கூட்டிட்டு வாங்க. ஸ்கூல் நடுவுல மாறுனாலும் பரவாயில்ல, ஹெட்மாஸ்டர் கிட்ட பேசி டி.சி. வாங்கிடலாம். அக்டோபர் நவம்பர்ல வங்கக்கடல்ல புயல் சீசன், அப்பவும் தள்ளி தள்ளி போகும். வேற வழியே இல்ல, மழை மாசத்துல தான் வரணும்னா போர்ட் பிளேர்ல பத்து நாள் தங்குறதுக்கு காசும், தங்க இடமும், ஒரு டாக்டர் நம்பரும், பிள்ளைக்கு தேவையான மருந்தும் கையில வச்சுக்கிட்டு வாங்க. வயசானவங்க யாராவது கூட வர்றாங்கன்னா கீழ் பெர்த் கேட்டு வாங்குங்க.

திரும்பி போறதையும் வர்றப்பவே யோசிக்கணும், இதை யாருமே யோசிக்கிறது இல்ல. 2024 ஆவணியில என் தம்பி கல்யாணம். மூணு மாசம் முன்னாடியே சென்னை ஃப்ளைட் டிக்கெட் போட்டுட்டேன், முகூர்த்தத்துக்கு மூணு நாள் முன்னாடி ஊர்ல இருக்குற மாதிரி. கப்பல் ரெண்டு நாள் தள்ளுச்சு, போர்ட் பிளேர் போய் சேந்தப்போ ஃப்ளைட் போயிடுச்சு, அடுத்த ஃப்ளைட்ல எங்க மூணு பேருக்கும் சேத்து சீட் கிடைக்கல. கப்பல் தள்ளுனப்போவே ஹெலிகாப்டருக்கும் கேம்ப்பெல் பேயில எழுதி குடுத்து பாத்தேன், சீட் கொஞ்சம் தான், அன்னிக்கு பிரசவ கேஸ் ஒண்ணை கூட்டிட்டு போனாங்க, அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அந்த சீட் அந்த பொண்ணுக்கு தான் போகணும். கல்யாணத்துக்கு மறுநாள் மதியம் வீட்டுக்குள்ள போனேன், பந்தலை பிரிச்சுட்டு இருந்தாங்க. தம்பி ஒண்ணும் சொல்லல, தாலி கட்டுறப்போ அக்காவா நீ நிக்க வேண்டிய இடத்துல சித்தியை நிக்க சொன்னோம்னு அம்மா தான் சொல்லுச்சு. நாத்தனார் முடிச்சு நான் போட வேண்டியது.

அதுல இருந்து எங்க வீட்டுல ஒரு வழக்கம். ஊர்ல ஒரு விசேஷம்னா அதுக்கு முன்னாடி ரெண்டு கப்பலை பாத்து வச்சு மொத கப்பல்ல கிளம்பிடுறது. போர்ட் பிளேர் போய் இறங்குன பெறகு தான் ஃப்ளைட் டிக்கெட், இல்லன்னா நாலு நாள் இடைவெளி விட்டு தேதி மாத்திக்கிற மாதிரி டிக்கெட். காசு கூட ஆகும், லீவு கூட செலவாகும். அதுக்காக மத்த சின்ன சின்ன லீவு எல்லாம் எடுக்காம சேத்து வைக்கிறோம். ஆபீஸ்லயும் வந்த மொத வாரமே பேசிடுங்க, கப்பல் தள்ளுனா அந்த நாளை எப்படி கணக்கு வைப்பாங்க, எழுத்துல என்ன குடுக்கணும்னு, எங்க ஆபீஸ்ல கப்பல் தள்ளி போன செய்தியையும் டிக்கெட்டையும் சேத்து லெட்டரோட வச்சா ஒத்துக்குறாங்க. அதனால எந்த டிக்கெட்டையும் கிழிச்சு போடாதீங்க.

என் ஃப்ரெண்டுக்கு இப்போ என்ன சொல்லிருக்கேன்னா, நாளைக்கே உன் ஆபீஸுக்கு மெயில் போடு, போர்ட் பிளேர்ல ரிப்போர்ட் பண்ணா அதையே ஜாயினிங்கா எடுத்துக்குவாங்களான்னு கேளு, சில டிபார்ட்மெண்ட்ல எடுத்துக்குவாங்க. அப்படி இருந்தா பாதி கவலை போச்சு. இல்லன்னா இந்த வாரமே ஃப்ளைட் ஏறு. துணி எடுக்குறது, சொந்தக்காரங்களுக்கு சொல்லிட்டு வர்றது எல்லாம் ரெண்டு நாள்ல முடி. பீனிக்ஸ் பே கவுண்டர்ல கமோர்ட்டா எந்த செயிலிங்ல நிக்குதுன்னு பாத்து அதுல மொதல்ல வர்றதுல ஏறு. நீ இறங்க போற இடம் நன்கோவ்ரி துறைமுகம், கமோர்ட்டாவும் நன்கோவ்ரி தீவும் ரெண்டு பக்கமும் அணைச்சு நிக்கிறதால உள்ள தண்ணி குளம் மாதிரி அசையாம இருக்கும், வெளிய எவ்வளவு ஆடுனாலும் அங்க வந்ததும் நின்னுடும், அந்த நேரம் படுத்திருக்காம எந்திரிச்சு டெக்குக்கு வந்துரு.

அடுத்த மாசம் பொண்ணோட பல்லு விஷயமா நாங்க போர்ட் பிளேர் போறோம், நின்னு போற கப்பலா இருந்தா கமோர்ட்டாவுல சாமான் ஏத்தி இறக்குற வரைக்கும் நிக்கும். எந்த நாள்னு முந்தின நாள் தான் தெரியும், தெரிஞ்ச உடனே மெசேஜ் போடுறேன். ஜெட்டிக்கு வந்துரு. ரெண்டு கிலோ புளியும், அந்த 43 நாள் நான் இரவல் வாங்கி சமைச்ச மாதிரியே ஒரு குக்கரும் உனக்கு கொண்டு வரேன், உன் சாமான் வந்த பெறகு திருப்பி குடு.